வயதும் கைபேசியும்

இணையப் பழக்கத்தில் தலைமுறைகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைப் பேசுபவர்கள், அமெரிக்கக் கல்வியாளர் மார்க் பிரென்ஸ்கி 2001இல் வகுத்த பிரிவினையைத்தான் இன்றும் எடுத்துக்கொள்கிறார்கள். கணினியோடு பிறந்து வளர்ந்தவர்கள் அந்த உலகின் பூர்வகுடிகள், மூத்தவர்கள் அங்கே பின்னால் குடியேறியவர்கள் என்றார் அவர். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இது அரைகுறையாகவே பொருந்துகிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகுதான் இங்கே எளிய குடும்பங்களுக்குள் இணையம் தாராளமாக நுழைந்தது. பல வீடுகளில் பாட்டிக்கும் பேத்திக்கும் அது ஏறக்குறைய ஒரே சமயத்தில், சில வீடுகளில் ஒரே கைபேசியில் கிடைத்தது. ஆகவே யார் எப்போது பிறந்தார் என்பதைவிட, யார் எந்தத் தேவைக்காக அதைக் கையில் எடுத்தார் என்பதே பழக்கத்தைத் தீர்மானிக்கிறது.

கைக்குழந்தையிடம் கைபேசி சோறூட்டும் நேரத்தில் வந்து சேர்கிறது. 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, அதற்கும் சிறிய குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. மாமியாரோ அம்மாவோ துணைக்கு இல்லாத வீட்டில், வேலைக்கும் போய்வரும் ஒரு தாயை இதற்காகக் குறைசொல்வதில் நியாயம் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கோ 2020 ஊரடங்கில் பெரியவர்களே கைபேசியைக் கொடுத்தார்கள். ஒரே போன் இருந்த வீடுகளில் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு நடந்தது. யாருடைய வகுப்பு முக்கியம் என்று வீட்டார் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

இளைஞர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள், சொந்தக்காரர்கள் பார்க்க ஒரு கணக்கும் நண்பர்களுக்கென்று இன்னொன்றும் வைத்துக்கொள்கிறார்கள். டிக்டாக் 2020 ஜூனில் தடைசெய்யப்பட்டதும் அவர்கள் ரீல்ஸுக்கும் ஷார்ட்ஸுக்கும் எளிதாக மாறிவிட்டார்கள். வயல்வேலைக்கு நடுவே பாட்டுக்கு வாயசைத்துக் கொண்டிருந்த நடுவயதுப் பெண்கள் பலருக்கு அப்படி மாற முடியவில்லை. எல்லா வயதினரும் கூச்சமில்லாமல் கூடிய ஓர் இடம் அது. அந்த வகையில் அதன் மறைவு ஓர் இழப்புதான்.

நாற்பதைத் தாண்டியவர்களின் கைபேசியில் பொழுதுபோக்கைவிட வேலைதான் அதிகம். பிள்ளையின் பள்ளிக் கட்டணம், பெற்றோர் வீட்டுக் கரண்ட் பில், கேஸ் பதிவு, அலுவலக வாட்ஸ்அப் குழு என எல்லாம் இவர்கள் தலையில் விழுகின்றன. யுபிஐ வந்தபிறகு குடும்பத்தின் பணப்பெட்டியும் இவர்கள் கையிலேயே இருக்கிறது.

முதியவர்களைப் பற்றித்தான் தவறான எண்ணங்கள் அதிகம். அவர்களுக்குக் கற்கும் ஆர்வம் இல்லை என்பது உண்மையல்ல. துபாயில் இருக்கும் மகனின் முகத்தைப் பார்க்க முடியும் என்று தெரிந்ததும் வீடியோ காலை விரைவில் பழகிக்கொள்கிறார்கள். எழுதத் தயங்குபவர்களுக்கு வாய்ஸ் மெசேஜ் பெரிய விடுதலை. கூகுள் 2017இல் தமிழிலும் குரல்வழித் தட்டச்சைக் கொண்டுவந்த பிறகு, எழுத்துக்கூட்டத் தெரியாதவரும் யூடியூபில் வாயால் கேட்டே வேண்டியதைத் தேடிவிடுகிறார். தடை பெரும்பாலும் கருவியில் இருக்கிறது. வயதானால் தோல் வறண்டுவிடும். வறண்ட விரலைத் தொடுதிரை சரியாக உணர்வதில்லை. அழுத்தியது பதியவில்லை என்று மறுபடி அழுத்தினால் வேறு எதுவோ திறந்துகொள்கிறது. எழுத்தோ பொடி எழுத்து. உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகை ரேஷன் கடை இயந்திரத்திலும் பதிய மறுக்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஓடிபி. குறித்த நேரத்துக்குள் படித்து, நினைவில் வைத்து, வேறொரு திரையில் இட வேண்டிய எண் அது. முடியாதவர் பக்கத்து வீட்டுப் பையனிடமோ கடைக்காரரிடமோ போனையே கொடுத்துவிடுகிறார். கூடவே வங்கி இருப்பு, ரகசிய எண், வந்த செய்திகள் எல்லாம் போய்விடுகின்றன. தன் பணத்தைத் தானே எண்ணிப் பார்த்து, பாஸ்புக்கில் வரவு விழுந்ததா என்று சரிபார்த்து வாழ்ந்த ஒருவருக்கு இது சிறிய இழப்பு அல்ல. மோசடிக்காரர்கள் இந்த வழியாகவும் நுழைகிறார்கள், மிரட்டியும் நுழைகிறார்கள். காவல்துறை என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிக்கும் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ பற்றிப் பிரதமரே 2024 அக்டோபர் வானொலி உரையில் எச்சரிக்க வேண்டியிருந்தது. ஓய்வுபெற்ற உயர் அதிகாரிகளும் அதில் ஏமாந்திருக்கிறார்கள். சீருடைக்கும் அரசு முத்திரைக்கும் ஆயுள் முழுதும் மதிப்புக் கொடுத்துப் பழகியவர்கள் அவர்கள். அந்த நல்ல பழக்கத்தையே திருடர்கள் பயன்படுத்துகிறார்கள். பணம் போனவுடன் 1930 என்ற எண்ணை அழைத்தால் அதை மறித்து நிறுத்த வாய்ப்புண்டு என்பதை மூத்தவர்களிடம் வீட்டார் சொல்லிவைப்பது நல்லது.

ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் தரவேண்டிய உயிர்வாழ்வுச் சான்றிதழின் கதை வேறு வகையானது. 2014இல் அது ஜீவன் பிரமாண் என்ற பெயரில் கணினிக்கு மாறியது. முதலில் கைரேகையோ கருவிழியோ கேட்டார்கள். ரேகை பதியாதவர்களின் அலைச்சல் தெரிந்த பிறகு, 2021இல் முகத்தை மட்டும் காட்டினால் போதும் என்றானது. அஞ்சலகப் பேமென்ட்ஸ் வங்கி வழியாக, 2020 முதல் தபால்காரரே கருவியோடு வீட்டு வாசலுக்கு வந்து சான்றிதழை எடுத்துத் தருகிறார். சொந்தமாகக் கைபேசி இல்லாதவர்கூட, வங்கிக் கிளைக்குப் போய் வரிசையில் நிற்காமல் இந்த வழியில் ஓய்வூதியத்தைத் தொடர்ந்து பெற முடிகிறது.