செங்கீரைக்கு ஒரு தரை

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இரண்டாவது செங்கீரை. ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, தலை நிமிர்த்திக் குழந்தை அசைந்தாடும் பருவம் அது. முப்பதாண்டுகளுக்கு மேலாக இதனை வகுப்பறையில் விளக்கி வந்தோம். எம் ஊர்ப்பக்கத்துத் திருச்செந்தூருக்குப் பகழிக்கூத்தர் பாடியதையும், ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மைக்குப் பாடியதையும், நபிகள் நாயகத்தின் மீது இசுலாமியப் புலவர்கள் பாடியவற்றையும் ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறோம். ஆயினும், அக்குழந்தை கையூன்றும் நிலம் எத்தகையது என்று மாணவர் ஒருவரும் எம்மைக் கேட்டதில்லை. யாமும் எண்ணிப் பார்த்ததில்லை. சென்ற ஆனித் திங்களில் எம் மகள் கேட்டாள்.

எட்டு மாதப் பெயரனை இடுப்பில் ஏந்தியவாறு வாசலிலேயே நின்று, "வாப்பா, இவனை எங்கே இறக்கிவிடுவது?" என்றாள். எளிய கேள்விதான். விடையிறுக்க எமக்கு மூன்று நாட்கள் ஆயின.

எம் இல்லம் சாகுபுரத்தின் ஓரத்தில் உள்ளது. ஒருபுறம் உப்பளங்கள், மறுபுறம் இரசாயன ஆலை, கிழக்கே காயல்பட்டினமும் கடலும், தென்மேற்கே குதிரைமொழித் தேரியின் செம்மணல் மேடுகள். ஆனியும் ஆடியும் கச்சான் காற்றின் காலம். காலையில் துடைத்த தரையில் நண்பகலுக்குள் மெல்லிய செம்பொடி படிந்துவிடும். விரலால் தொட்டுப் பார்த்த மகள், "இது தேரி மண்ணா, வேறு ஏதாவதா?" என்றாள். தேரி மணலின் செம்மை அதன் மேற்பூச்சாய் அமைந்த இரும்புத் துருவினால் வருவது, அச்சம் கொள்ளத்தக்கதன்று. ஆனால் காற்று தேரியின் மீது மட்டுமா வீசுகிறது? சாலையின் மீதும், களத்தின் மீதும், புகைபோக்கியின் மீதும் வீசித்தான் எம் வீட்டிற்குள் நுழைகிறது. பொடியின் நிறத்தைக் கண்டு அதன் பிறப்பிடத்தைச் சொல்ல எம்மால் இயலவில்லை. தமிழாசிரியரின் கண்ணுக்கு அவ்வளவுதான் ஆற்றல்.

எம் இல்லாள் இதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. "நாமெல்லாம் சாணம் மெழுகிய தரையில் தவழ்ந்துதானே வளர்ந்தோம்?" என்றார். ஊரெங்கும் கேட்கும் வாதம் இது. வளர்ந்தவர்கள் சொல்லும் வாதம். வளராமற் போன பிள்ளைகள் வந்து சாட்சி சொல்வதில்லை. எம் தாயார் பெற்ற எழுவருள் இருவர் தவழும் முன்னரே மறைந்தனர். எதனால் என்று கேட்பார் அன்று இல்லை. சாணத்தில் தங்கும் இசிவு நோய்க் கிருமி தொப்புள் வழியே பச்சிளங் குழந்தைகளை மாய்த்ததும், தடுப்பூசியாலும் தூய்மையான மகப்பேற்றாலும் அந்நோய் பொதுநலச் சிக்கலாக இல்லாதவாறு இந்தியாவில் ஒழிக்கப்பட்டதென 2015இல் உறுதி செய்யப்பட்டதும் இன்று யாவரும் அறியக் கூடியவை. இதனைச் சொன்னபோது இல்லாள் விடை கூறவில்லை. ஆனால் வாளியை எடுத்துத் தரையை மீண்டும் ஒருமுறை துடைத்தார்.

மகளோ மறுதலையானவள். பிள்ளையை மடியிலும் கட்டிலிலுமாக வைத்துக் காத்தாள். சென்னையில் வாங்கிய நடைவண்டி ஒன்றையும் உடன் கொண்டு வந்திருந்தாள். சக்கரம் பூட்டி, நடுவில் பிள்ளையை அமர்த்தும் வகை. தரையைத் தொடாமலே பிள்ளை நடமாடும் என்பது அவள் கணக்கு. படிகளில் உருண்டு பிள்ளைகள் தலையில் அடிபடுவதால் 2004இல் கனடா நாடு அவ்வண்டியின் விற்பனையையே தடை செய்தது என்று எடுத்துச் சொன்னோம். வண்டி பரணுக்குச் சென்றது.

"இவன் வயதுப் பிள்ளைகள் ஓடுகிறார்களே" என்ற கவலையும் அவளுக்கு இருந்தது. கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் குழந்தைகளைக் கண்காணித்து, உலக நலவாழ்வு நிறுவனம் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கையும் முழங்காலும் ஊன்றித் தவழத் தொடங்குவது ஐந்து மாதத்தைக் கடந்த பின் பதின்மூன்றரை மாதம் வரை எப்போதும் நிகழலாம் என்றும், நூற்றுக்கு நால்வர் அவ்வாறு தவழாமலே நடந்துவிடுகின்றனர் என்றும் அது கூறுகிறது. ஐந்தாம் திங்கள் என்று வரையறுத்த பாட்டியல் ஆசிரியர்கள் சற்று விரைந்துவிட்டார்கள் போலும்!

இரண்டாம் நாள், யாரும் காணாத வேளையில், யாம் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலும் கையும் ஊன்றி வீடு முழுவதும் தவழ்ந்து பார்த்தோம். அறுபது வயதைக் கடந்த உடலுக்கு அது எளிதன்று. ஆனால் நின்று பார்த்த வீடு வேறு. தவழ்ந்து பார்த்த வீடு வேறு. அலமாரியின் அடியில் எறும்புச் சாக்கட்டியால் கிழித்த நச்சுக்கோடு, கட்டிற்காலின் ஓரத்தில் புளியங்கொட்டை, சுவரடியில் மின்செருகுதுளை, குளியலறை வாசலில் பாதி நீருடன் வாளி, நிலைப்படிக்கு உட்புறத்திலேயே எம் இளைய மகனின் பணியிடத்துக் காலணி. எந்தத் தொழிலாயினும் அதன் துகள் உடையிலும் காலணியிலும் ஒட்டி வீடு வந்து சேரும். அன்று முதல் அக்காலணிக்கு வெளித்திண்ணையே இடமாயிற்று.

அவ்வாறு தவழ்ந்து செல்கையில் கிழக்கறைச் சன்னலின் கீழே நின்றுவிட்டோம். அச்சன்னல் கம்பிகளில் அடுக்கடுக்காய்ப் பழைய பச்சை வண்ணப்பூச்சு. எம் மகள் தவழ்ந்த காலத்தில் ஒருநாள் அதன் செதில் அவள் வாயில் இருந்தது. விரலால் வழித்து எறிந்துவிட்டுச் சிரித்தோம். வண்ணப்பூச்சில் ஈயம் சேர்த்த காலம் அது. வீட்டு வண்ணப்பூச்சுகளில் பத்து இலட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தலாகாது என்னும் விதி 2016இல் இயற்றப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உண்ணும் ஈயத்தைச் சிறுபிள்ளைகளின் உடல் பெரியவர்களைக் காட்டிலும் நான்கைந்து மடங்கு ஏற்கும் என்றும், தீங்கற்ற அளவு என ஒன்று அறியப்படவில்லை என்றும் மருத்துவ உலகம் சொல்கிறது. அன்று இரவு மகளிடம் இதனைக் கூறினோம். சற்று நேரம் பேசாதிருந்தவள், "அதனால்தான் எனக்குக் கணக்கு வரவில்லையா, வாப்பா?" என்று சிரித்தாள். எமக்குச் சிரிக்க இயலவில்லை. கிழக்கறை பூட்டப்பட்டது.

எஞ்சியது தொழுகை அறை. காலணி படாத, உணவு சிந்தாத, நாள்தோறும் ஈரத்துணியால் துடைக்கப்படும் பழைய செந்நிறச் சிமெண்டுத் தரை. வீட்டிலேயே தூய்மையான இடம் அதுவே என்பதில் ஐயமில்லை. ஆனால் பிள்ளை சிறுநீர் கழித்தால்? உணவு உண்ணத் தொடங்காத ஆண்குழந்தை நபிகளாரின் ஆடையில் சிறுநீர் கழித்தபோது அவர்கள் நீர் தெளித்ததோடு விட்ட செய்தி நபிமொழியில் உண்டு. எம் பெயரனோ சோறு உண்ணத் தொடங்கிவிட்டான், கழுவத்தான் வேண்டும். தவழும் பருவமும் சோறுண்ணும் பருவமும் ஒன்றாய் வருவது பெரியவர்களுக்கு அமைந்த சோதனை! பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தவாறே தொழுத பெருமானாரை நினைந்து, கழுவுவது எம் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டோம். பத்தமடைப் பாய் ஒன்றையும் விரித்தோம்.

பாய் விரிக்கும்போது உப்பளத்துப் பெண்களின் நினைவு வந்தது. வெயிலில் உப்பு வாரும் தாய்மார் பிள்ளையைக் கொட்டகையில் சேலைத் தூளியில் இட்டு வேலை செய்வதைச் சிறுவயது முதலே கண்டிருக்கிறோம். தூளியில் கிடக்கும் வரை தொல்லையில்லை. தவழத் தொடங்கிய பிள்ளையை உப்புநீர்ப் பாத்திக்கும் வரப்புக்கும் இடையே எங்கே இறக்குவது? முப்பது பெண்களுக்கு மேல் பணிபுரியும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். பத்துப்பேர் வேலை செய்யும் சிற்றளத்துக்கு அது எட்டவில்லை. முற்றம் என்னும் பொருளில் பெயர்பெற்ற அங்கன்வாடியும் பெரும்பாலும் நடக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கே முற்றம். எமக்குத் தெரிவு செய்ய நான்கு அறைகள் இருந்தன. மூன்று நாட்கள் எண்ணிப் பார்க்க ஓய்வும் இருந்தது.

நான்காம் நாள் அசர் தொழுகைக்குப் பின் மகள் பிள்ளையைப் பாயின் நடுவே இறக்கினாள். கையூன்றினான். தலை நிமிர்த்தினான். ஒரு காலை மடக்கி முன்னும் பின்னும் அசைந்தான். நூலில் கண்ட செங்கீரையேதான். பின்னர்ப் பாயை விட்டு இறங்கி, கதவிடுக்கு வழியே வந்து படிந்திருந்த செம்பொடியை நோக்கி நேராகத் தவழ்ந்தான். இல்லாள் ஈரத்துணியோடு ஓடினார். அவர் எட்டுவதற்குள் அவன் உள்ளங்கை சிவந்திருந்தது. மகள் எம்மைப் பார்த்தாள். கையைக் கழுவ நீர் கொணர யாம் எழுந்தோம்.