ஐரோப்பாவுக்கு மாயவரம் வழி!

புரட்டாசி பிறந்துவிட்டால் காட்டூர் வீடுகளில் இரண்டு விஷயங்கள் பரணிலிருந்து இறங்கும். ஒன்று, கொலுப் பொம்மைப் பெட்டி. மற்றொன்று, "இந்த லீவுக்கு எங்கே போகலாம்?" என்ற கேள்வி. பொம்மைகளைப் படியில் ஏற்றிவிடலாம். கேள்வியை எந்தப் படியில் வைப்பது?

குழந்தை சின்னதாக இருந்தவரையில் கவலையில்லை. முக்கொம்பு என்றால் குதிக்கும். கல்லணை என்றால் கூத்தாடும். பதின்மூன்று, பதினாலு வயதாகிவிட்டால் கதையே வேறு. கோயில் என்றால் "போன வருஷம்தானே போனோம்?" என்கிறது. மலை என்றால் "வெயில்" என்கிறது. "நீயே ஒரு இடம் சொல்லேன்" என்று கேட்டுப் பாருங்கள், கையிலுள்ள போனிலிருந்து தலை நிமிராமலே பதில் வரும்!

காட்டூரில் எனக்குப் பழக்கமான ஒரு வீட்டில் அப்படி வந்த பதில், "ஐரோப்பா!"

ஒன்பதாவது படிக்கும் பெண் அவள். வகுப்புத் தோழி ஒருத்தி பாரிஸ் போய்வந்து படம் காட்டியிருக்கிறாள். அப்பா திடுக்கிட்டார். அம்மா மட்டும் நிதானமாக, "பொறு, கணக்குப் போட்டுப் பார்ப்போம்" என்றாள். மாட்டேன் என்று ஒரேயடியாகச் சொல்லாமல், பெண்ணையே கூட உட்கார்த்திவைத்துக்கொண்டு கணக்குப் போட்டாளே, அந்தச் சாமர்த்தியத்தை எல்லாத் தாய்மார்களும் கற்றுக்கொள்ளலாம்.

கணக்கு சொன்ன பதில்

பிரான்ஸ், ஜெர்மனி, டென்மார்க் முதலிய இருபத்தொன்பது தேசங்களுக்கும் சேர்த்து ஒரே ஷெங்கன் விசா. அதற்குக் கட்டணம் தலைக்கு 90 யூரோ. ஆறு வயது முதல் பன்னிரண்டுக்குள் இருந்தால் பாதிதான். ஆனால், நம் பெண் பன்னிரண்டைத் தாண்டியாகிவிட்டதே! முழுக் கட்டணம், விரல் ரேகை கொடுக்க நேரிலும் போகவேண்டும். மனு கொடுத்த பின் சாதாரணமாகப் பதினைந்து நாள் காத்திருக்க வேண்டும். அதற்கப்புறம் விமானம், ஓட்டல், இன்ஷ்யூரன்ஸ். காலாண்டு விடுமுறையோ ஒரு வாரம், பத்து நாள்தான். போகவர ஆகும் நேரத்தைக் கழித்தால் கையில் மிஞ்சுவது சொற்பம்.

பெண்ணே பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். "அப்பாவுடைய நாலு மாதச் சம்பளம்" என்றாள் மெதுவாக. அவளுக்கு மனசு சின்னதாகிப்போனது முகத்தில் தெரிந்தது.

அம்மாவுக்கு வேறொரு கணக்கும் இருந்தது. அதை அவள் பெண்ணிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னாள். அடுத்த வருஷம் பத்தாவது, ஸ்பெஷல் வகுப்பு. பிறகு பதினொன்று, பன்னிரண்டு. அதற்கப்புறம் எந்த ஊர் ஹாஸ்டலோ! "என்னோடு கைகோத்துக்கொண்டு ஊர் சுற்ற இவளுக்கு இன்னும் எத்தனை லீவு பாக்கி?" என்று விரல் விட்டு எண்ணினாள். ஒரு கை விரல்களே போதுமாயிருந்தன.

ஆகவே, இந்த லீவை வீணாக்கக் கூடாது. பெண் கேட்ட ஐரோப்பாவையும் காட்டவேண்டும், கடனும் வாங்கக் கூடாது. வழி இருக்கிறதா? இருக்கிறது. அது திருவெறும்பூரில் ரயிலேறி, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக மாயவரம் போகிறது!

அலை பாடும் ஊர்

மாயவரம் என்கிற மயிலாடுதுறையில் இறங்கி, பொறையாறு பக்கம் போகும் பஸ்ஸைப் பிடித்தால் தரங்கம்பாடி. அலைகள் பாடும் ஊர் என்று பெயருக்கே அர்த்தம். கடலை நோக்கிப் போகும் ராஜ வீதியின் தலைமாட்டில் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை வாசல் நிற்கிறது. இந்த வாசல் 1792ல் எழுந்தது. உள்ளே நுழைந்ததும், "இது நம் ஊர் மாதிரியே இல்லையே!" என்றாள் பெண். போன் பைக்குள் போய்விட்டது.

1620ல் டென்மார்க் தேசத்துக் கப்பல் தலைவர் ஓவ யெட்டே என்பவர், தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இந்த இடத்தைக் கேட்டு வாங்கினார். மிளகு வியாபாரத்துக்காகத்தான். அப்போது எழுந்ததுதான் கடலோரத்து டான்ஸ்போர்க் கோட்டை. நாயக்கர் தங்க ஏட்டில் எழுதிக் கொடுத்த கடிதம் இன்றைக்கும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. 1845ல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்குள்ளே இப்போது ஒரு மியூசியம்.

வளர்ந்த குழந்தைக்கு வருஷங்களை ஒப்பித்தால் கொட்டாவிதான் வரும். மனிதர் கதையைச் சொன்னால் காது கொடுக்கும். தரங்கம்பாடியில் அப்படி ஒரு மனிதர் இருக்கிறார். சீகன்பால்க் என்ற ஜெர்மானியப் பாதிரியார், இருபதுகளின் நடுவயதில், 1706 ஜூலையில் இங்கே வந்து இறங்கினார். தமிழ் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. என்ன செய்தார் தெரியுமா? பள்ளிக்கூடத்துச் சிறு பிள்ளைகளோடு தாமும் சம்மணமிட்டு உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் படித்தார்!

"என் தம்பி மாதிரி பசங்களோடவா?" என்று வியந்தாள் பெண்.

அப்படிப் படித்தவர்தான் சில வருஷங்களில் அச்சுக்கூடம் வைத்தார். தமிழ் எழுத்துக்களை ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்த்து அனுப்பினார்கள். 1715ல் தமிழில் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி வெளிவந்தது. அவர் 1718ல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயம் அதே ராஜ வீதியில் இருக்கிறது. மறு வருஷமே காலமானார். அவரை அடக்கம் செய்ததும் அதே ஆலயத்தில்தான். ஆலயத்தை விட்டு வெளியே வந்ததும் பெண் குனிந்து, மணலில் தன் பெயரைத் தமிழில் எழுதினாள். தமிழ்ப் பரீட்சையைக் கண்டால் முகம் சுளிக்கிற பெண் அவள்!

கோட்டைக்குப் பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்ம குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதில் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. 2004ல் சுனாமி இந்தக் கரையைத் தாக்கியதையும் அங்கே நின்றுதான் சொன்னோம். அவள் ஒன்றும் பேசவில்லை. ஆனால், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். காட்டூர் தெருவில் பிடிக்க வெட்கப்படுகிற கை!

ஒரு நாள் பிரெஞ்சுக்காரர் ஊரில்

இன்னொரு நாள் கைவசம் இருந்தால், சீர்காழி, சிதம்பரம், கடலூர் வழியாகப் புதுச்சேரி போய்விடலாம். பாரிஸ் படம் பார்த்த கண்ணுக்கு இது இதம். தெருப் பலகையில் பிரெஞ்சுப் பெயர்; போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி. சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். வளர்ந்த பெண்ணை, "நீ முன்னால் நடந்து போ, நாங்கள் பின்னால் வருகிறோம்" என்று தைரியமாக விடலாம். அந்தச் சின்னச் சுதந்திரத்தில் அவளுக்கு எத்தனை பெருமை! அம்மாவுக்கும் அங்கே ஒரு லாபம் உண்டு. மூன்று வேளையும் அடுப்பைப் பார்க்க வேண்டாம்.

புறப்படும் முன் ஒன்றைக் கவனியுங்கள். ஐப்பசியில் மாயவரத்தில் துலா ஸ்நானம் விசேஷம்தான். ஆனால், வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் மூன்றாம் வாரம் தொடங்குகிறது. அதற்கப்புறம் கடலோரப் பிரயாணம் குடையோடு செய்கிற பிரயாணம். காலாண்டு லீவிலேயே முடித்துக்கொள்வது உத்தமம். வெயில் மட்டும் இருக்கும். காலை ஆறுமணிக்குக் கோட்டை வெளியையும் கரையையும் சுற்றிவிட்டு, நடுப்பகலில் நிழலில் ஒதுங்குங்கள். மியூசியத்தை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

வீட்டு வாசலில் யுத்தம்

திரும்பி வந்த பின்னும் ஐரோப்பா முடிந்துவிடவில்லை. 1752ல் பிரெஞ்சுத் தளபதி ழாக் லா, படையோடு அடைபட்டுக் கிடந்து கடைசியில் சரணடைந்தது எங்கே? நம் ஸ்ரீரங்கத்தில்! ருஷ்ய அரசி காதரீனின் செங்கோலில் பதித்த ஓர்லோவ் வைரம், ஸ்ரீரங்கத்துப் பெருமாளிடமிருந்து ஒரு பிரெஞ்சுச் சிப்பாய் திருடியது என்று ஒரு கதை உலாவுகிறது. நிரூபணம் கிடையாது, ஆனால், பதினாலு வயதுக்கு இதைவிட நல்ல துப்பறியும் கதை வேண்டுமா? காட்டூருக்கு அடுத்த திருவெறும்பூர் மலைக்கோயிலும் அந்தச் சண்டையில் கோட்டையாகப் பயன்பட்டதுதான். தினமும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த குன்றை, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பார்த்தாள்.

"அப்போ நிஜ ஐரோப்பா?" என்று கேட்கிறீர்களா? அதையும் விட்டுவிடவில்லை அந்த வீட்டில். ஓர் உண்டியல் வைத்திருக்கிறார்கள். முதலில் எந்த நகரம் என்பதையும் பெண்ணே தீர்மானித்துவிட்டாள். பாரிஸ் இல்லை, கோபன்ஹேகன்! நாயக்கரின் தங்க ஏட்டைப் பார்க்கவேண்டுமாம். காரணம் தெரிந்துகொண்டு ஒரு ஊரைத் தேர்ந்தெடுப்பதற்கும், தோழி போனாள் என்று தேர்ந்தெடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது அல்லவா?

உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி பரணிலிருந்து இறங்கினால், பென்சிலும் காகிதமும் எடுத்துப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளுங்கள். அதிகம் தள்ளிப்போடாதீர்கள். உண்டியல் நிறையக் காத்திருக்கலாம். பிள்ளைகளின் வயது காத்திருக்காது.