இரவல் பலத்துக்கு ஒரு விதி

மோட்டார் வைத்த கவசத்தை மாட்டிக்கொண்ட ஒருவனுக்கு எவ்வளவு பலம் என்று கேட்டால், கவசத்துக்கு எவ்வளவோ அவ்வளவு என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டுகளில் இதற்கு இன்னும் ஒரே பதில் கிடைத்தபாடில்லை. என் பேத்தியும் அவள் சிநேகிதர்களும் வாரக் கடைசியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடி இதைத்தான் ஆடுகிறார்கள். அவர்கள் போடும் சண்டையைக் காதில் வாங்கி வாங்கி, விதிப் புத்தகங்களை நானும் புரட்டத் தொடங்கினேன். கனரக ஆலையில் கிரேன்களோடு காலம் தள்ளியவன் நான். 'எது எவ்வளவு தூக்கும்' என்ற பேச்சு வந்தால் ஈசிசேரில் சும்மா சாய்ந்திருக்க முடிவதில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம் ஏற்கிறார்கள். அந்தப் பாத்திரத்தின் பலம், சுறுசுறுப்பு, அறிவு எல்லாம் ஒரு தாளில் எண்ணாக இருக்கும். கேம் மாஸ்டர் என்று ஒருவர் கதையை நடத்துவார். கதவு உடையுமா, பாறை நகருமா என்பதை எண்ணும் பகடையும் சேர்ந்து தீர்மானிக்கும். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'தான் இந்த வகைக்கெல்லாம் மூத்தது.

அந்த விளையாட்டிலேயே குழப்பம் தொடங்கிவிட்டது. அதில் அரக்க பலம் தரும் மாயக் கையுறை ஒன்று உண்டு. 1979-இல் வந்த விதிப் புத்தகத்தில், மாட்டியவன் யாரானாலும் மனிதன் எட்டக்கூடிய உச்ச பலம் அவனுக்கு வந்துவிடும். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அதே கையுறை, இருக்கிற பலத்தோடு 2 சேர்த்துக்கொள் என்றது. 2014-இல் ஐந்தாம் பதிப்பு பழைய வழிக்கே திரும்பி, போட்டால் பலம் 19, ஏற்கெனவே 19-க்குக் குறையாதவனுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை என்று சொல்லிவிட்டது. கையுறை ஒன்றுதான். அதன் பலம் போட்டவன் பலத்தோடு சேருமா, அல்லது அதன் இடத்தில் போய் உட்காருமா என்பதில்தான் ஆசிரியர்கள் மனம் மாறிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

மாயக் கையுறை எப்படி நடந்தாலும் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. மோட்டாரிடம் கேட்கலாம். ராபர்ட் ஹெய்ன்லைன் 1959-இல் 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' நாவலில் சிப்பாய்களுக்கு இயந்திரக் கவசம் மாட்டிவிட்டார். 1963-இல் அயர்ன் மேன் வந்தான். பிறகு விளையாட்டுகளும் பின்தொடர்ந்தன. 1981-இல் வெளியான 'சாம்பியன்ஸ்' என்ற சூப்பர்ஹீரோ விளையாட்டில் பல எண் 10 உள்ளவன் 100 கிலோ தூக்குவான். எண் 5 ஏறினால் எடை இரட்டிப்பாகும். இங்கே பலத்தை 20 கூட்டும் கவசம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 10 உள்ள சாதாரண ஆள் மாட்டினால் எண் 30 ஆகி 1,600 கிலோ தூக்குவான். எண் 20 உள்ள பயில்வான் மாட்டினால் 40 ஆகி 6,400 கிலோ தூக்குவான். கவசம் இல்லாதபோது இருவருக்கும் இருந்த வித்தியாசம் 300 கிலோ. அதே மோட்டார், அதே பேட்டரி. வித்தியாசம் மட்டும் 4,800 கிலோவாகிவிட்டது. எங்கள் ஆலையில் எவனாவது இப்படி ஒரு கணக்கைக் காட்டியிருந்தால் ஸ்டோர் ரூமுக்கு மாற்றியிருப்பார்கள். அந்த விளையாட்டு காமிக்ஸ் கதைக்காக எழுதப்பட்டது, அதற்குப் பௌதிகம் தேவையில்லை என்று பேத்தி வக்காலத்து வாங்குகிறாள். இருக்கட்டும்.

அவர்கள் கூட்டம் ஆடுவது 'கர்ப்ஸ்'. ஸ்டீவ் ஜாக்சன் 1986-இல் வெளியிட்டது. அதில் பலத்தை ஒரு எண் உயர்த்த 10 பாயின்ட் செலவு. சராசரி மனிதனுக்கு 10. பேத்தி 40 பாயின்ட் கொட்டித் தன் பாத்திரத்தின் பலத்தை 14 ஆக்கியிருந்தாள். இன்னொரு பையன் பலத்தில் ஒரு பாயின்ட்கூடப் போடாமல் எல்லாவற்றையும் திறன்களில் போட்டிருந்தான். கதையில் இருவருக்கும் ஒரே மாதிரி கவசம் கிடைத்தது. கேம் மாஸ்டர், "இனிமே கவசத்தோட பலம்தான் உங்க பலம், கூட்டல் கிடையாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். வந்ததே கோபம் அவளுக்கு. "அப்போ நான் போட்ட 40 பாயின்ட் வீணா? தாத்தா, நீங்களே சொல்லுங்க!"

கேம் மாஸ்டர் பக்கம்தான் நியாயம் என்றேன். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

எங்கள் பட்டறையில் ஓவர்ஹெட் கிரேன் ஓட்டிய ஒருவர் ஐம்பது கிலோ தேறுவாரா என்பதே சந்தேகம். கிரேனின் கர்டரில் எஸ்.டபிள்யூ.எல். என்று போட்டு, எத்தனை டன் வரை தூக்கலாம் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். கேபினில் அவர் உட்கார்ந்தாலும் அந்த எண்தான், கட்டுமஸ்தான ஆள் உட்கார்ந்தாலும் அதே எண்தான். ஆனால் விலை உயர்ந்த சாமானைத் தூக்க வேண்டுமென்றால் எல்லோரும் அவர் ஷிஃப்டுக்காகக் காத்திருப்பார்கள். ஸ்லிங் மாட்டியதும் ஒரு சாண் மட்டும் தூக்கி நிறுத்துவார். பிரேக் பிடிக்கிறதா, சாமான் எந்தப் பக்கம் சாய்கிறது, ஹூக் நேர் மேலே இருக்கிறதா என்று பார்ப்பார். சாய்ந்தால் இறக்கி ஸ்லிங்கை மாற்றச் சொல்லுவார். கீழே நிற்கும் சிக்னல்மேனின் விரல் அசைவுக்கு மேல் ஒரு நூல்கூட நகர்த்த மாட்டார். பல டன் இரும்பு, தூங்கும் பிள்ளையைப் பாயில் கிடத்துவது போல வந்து உட்காரும். அந்த டன் கணக்கு கிரேனுடையது, அந்த நிதானம் அவருடையது.

கர்ப்ஸில் இதற்கு ஒரு நல்ல விதி இருக்கிறது. கவசத்தை அணிந்து இயங்குவதே தனியாகக் கற்க வேண்டிய ஒரு திறன். கவசத்துக்குள் இருந்துகொண்டு செய்யும் எந்தக் கைவேலைக்கும், உங்கள் சொந்தத் திறன், கவசத் திறன் இரண்டில் எது குறைவோ அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். எழுதியவர் யாரோ பட்டறை பார்த்தவர் என்றே நினைத்தேன்.

நிஜத்தில் செய்து பார்த்தவர்களும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுந்தார்கள். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1965-இலிருந்து 1971 வரை 'ஹார்டிமேன்' என்ற இயந்திர உடையை உருவாக்க முயன்றது. அதன் எடை மட்டும் சுமார் 680 கிலோ. ஆளின் விசையை 25 மடங்காக்குவது திட்டம். 250 பவுண்டைத் தூக்கினால் 10 பவுண்டு போலத் தெரியும். அது கையில் உணரும் கனத்துக்கான விகிதம். தூக்கும் எல்லை ஹைட்ராலிக்கின் எல்லைதான், உள்ளே இருப்பவனின் புஜம் அதை ஏற்றவும் போவதில்லை, இறக்கவும் போவதில்லை. கடைசியில் ஒரு கையை மட்டும் ஒழுங்காக வேலை செய்ய வைத்தார்கள், அது சுமார் 340 கிலோ தூக்கியது. முழு உடலையும் சேர்த்து இயக்கியபோது கட்டுக்கடங்காமல் உதறியது. பலத்துக்குக் குறைவில்லை, அடக்கி ஆளத்தான் வழியில்லை.

விதி எழுதுகிறவர்கள் பலர் விட்டுவிடும் இன்னொன்று, நிற்கும் இடம். மொபைல் கிரேனில் 20 டன் என்று எழுதியிருந்தால், பூம் கிட்டே இருக்கும்போது மட்டும்தான் அந்த 20 டன். பூமை வெளியே நீட்ட நீட்டத் தூக்கும் அளவு சரசரவென்று இறங்கும், இல்லாவிட்டால் வண்டியே கவிழும். முந்நூறு கிலோ கவசம் ஐந்நூறு கிலோ பாறையைக் கையை நீட்டிப் பிடித்தால், மோட்டார் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் ஆள் மூக்கு குப்புற விழுவான். மார்போடு அணைத்துத் தூக்கினால் பிழைப்பான். கவசம், ஆள், பாறை மூன்றின் எடையும் இரண்டு பாதத்தின் வழியாகத்தானே இறங்க வேண்டும்? பிள்ளைகளின் கதையில் அந்தக் கவசத்தோடு மரப் படியில் தடதடவென்று மாடி ஏறினார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

எல்லாக் கவசத்துக்கும் கூட்டல் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜப்பானின் சுகுபா நகரில் பேராசிரியர் யோஷியுகி சங்காய் உருவாக்கிய 'ஹால்' என்ற உடை, தோலின் மேல் தெரியும் மெல்லிய மின் சைகையைப் படித்து, நடக்கச் சிரமப்படுகிறவரின் காலுக்குத் துணை செய்கிறது. அவர் முயற்சி கொஞ்சம், இயந்திரத்தின் தள்ளல் கொஞ்சம். இங்கே கூட்டல்தான் நியாயம். குறையை நிரப்ப வருவதைக் கூட்டிக்கொள்ளலாம். ஆளை முழுதாக விழுங்கிக்கொண்டு தானே சுமக்கும் இயந்திரத்துக்கு அதன் எண்தான் எண். முழங்கால் தேய்ந்துபோன எனக்கு எது வேண்டும் என்று கேட்டால் தயங்காமல் முதல் வகை என்பேன்.

விளையாட்டில் மட்டுமில்லை, எங்கள் ஆலையில் பெரிய நாற்காலிக்குப் போன சிலரையும் நினைத்துப் பார்க்கிறேன். நாற்காலியின் எஸ்.டபிள்யூ.எல்.லைத் தங்கள் பலத்தோடு கூட்டி வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். அவர்கள் போன் செய்தால் சப்ளையர் லாரியோடு வந்து நிற்பார். அவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற அடுத்த மாதம் மகள் கல்யாணத்துக்காக அதே எண்ணுக்குப் போன் போட்டால், "சார் மீட்டிங்ல இருக்காரு" என்ற பதில். அவர் மனம் நொந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சப்ளையர்மேல் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அவர் மரியாதை கொடுத்தது கர்டரில் எழுதிய எண்ணுக்கு. அதே ஆலையில் ஃபிட்டராக இருந்த இன்னொருவர் இன்றும் தெருவில் யார் வீட்டு மோட்டார் பம்ப் நின்றாலும் காதை வைத்துக் கேட்டே பேரிங்கா காயிலா என்று சொல்லிவிடுகிறார். அவர் தாளில் எழுதியிருந்த எண் அவருடையதாகவே இருந்தது.

அதனால் பேத்தியின் 40 பாயின்ட் வீண் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அதற்கு வேலை வரும் இடத்தை விதி காட்ட வேண்டும். கரண்ட் போனால் கிரேன் என்ன செய்யும் தெரியுமா? பிரேக்கை விலக்கிப் பிடித்திருப்பதே கரண்டுதான். அது நின்றதும் ஸ்பிரிங் அழுத்தி, தொங்கும் சாமான் அப்படியே நிற்கும். கவசத்துக்கும் இதைக் கேம் மாஸ்டர் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். பேட்டரி தீர்ந்தால் மூட்டுகள் இறுகி உள்ளே இருப்பவன் சிலையாவானா, தளர்ந்து முழு எடையும் அவன்மேல் விழுமா? எப்படியானாலும் அந்த நிமிடத்திலிருந்து பழைய எண் உயிர்பெறுகிறது. கைப்பிடியைத் திருகிக் கதவைத் திறப்பதும், ஊர்ந்து வெளியே வருவதும், பக்கத்தில் சிக்கியவனை இழுப்பதும் பலம் 14-க்கு ஒன்று, 10-க்கு வேறு. மணிக்கணக்கில் கவசத்துக்குள் நின்று களைப்பதற்கும் அவரவர் உடம்புதான் கணக்கு.

தூக்குவதில் அவள் இறங்கி வந்தாள். குத்துவதில் வரவில்லை. எடையும் வேகமும் கவசத்துடையது, எங்கே எப்போது குத்துவது என்பதுதான் உன்னுடையது, அது திறன் கணக்கில் ஏற்கெனவே வந்துவிட்டது என்றேன். "தாத்தா, நீங்க யாரையாவது குத்தியிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அந்தத் துறையில் எனக்கு அனுபவம் போதாது. கடைசியில் கேம் மாஸ்டர் ஒரு சமரசத்துக்கு வந்தான். பலத்தில் போட்ட 40-இல் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக் கவசத் திறனில் போட்டுக்கொள்ளலாம் என்றான். அவள் 20-ஐ மாற்றினாள். மீதி 20 பலத்திலேயே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டாள். அவன் கதையில் பேட்டரி எந்த நேரம் தீரும் என்று சொல்ல முடியாதாம்.