அப்பாவின் தொட்டி

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு நிக்கல் பிளேட்டிங் பட்டறையில் வேலை. முலாமில் ஊசிக்குத்துப் போலக் குழி விழுந்தால் கூலியில் பிடித்தம். "தொட்டியில் சோப்பு மருந்து குறைஞ்சுபோச்சு" என்பார். சோப்புக்கும் முலாமுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் சிரித்ததுண்டு.

இவ்வாண்டு பாடத்தில்தான் விளங்கிற்று. அந்த மருந்து சோடியம் லாரில் சல்பேட். எதிர்மின்வாயில் நிக்கல் படியும்போது ஹைட்ரஜனும் வெளிப்படுகிறது. குமிழி ஒட்டிய இடத்தில் முலாம் படியாது, அதுவே குழி. நீரை நாடும் தலையும் நீரை வெறுக்கும் வாலும் கொண்ட அம்மூலக்கூறுகள் பரப்பில் படர்ந்து, பரப்பு இழுவிசையைக் குறைக்கின்றன. உலோகம் நன்கு நனைய, குமிழி கழன்று மேலேறிவிடுகிறது.

அன்றிரவு அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், "அதிகமாப் போட்டா?" என்றார். விழித்தேன்.

"நுரை பொங்கும்டா."

இப்போது நான் சிரிப்பதில்லை.

— இரண்டாம் ஆண்டு, வேதியியல்