கன்றின் தலையில் விழும் கடன்

மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது 2025 ஜூன் 1-ஆம் தேதி. டெல்லி ஜங்புராவில், பாராபுல்லா நாலாவின் கரையில் இருந்த சுமார் 370 வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. நரேலாவில் ஃபிளாட் கிடைத்தவர்களில் நாங்கள் உண்டு; கிடைக்காதவர்கள் நிறைய.

புது வீட்டில் அம்மாவுக்கு முதல் கவலை, பால். கேம்பில் இருந்தவரை மதர் டெய்ரி பூத்தில் டோக்கன் போட்டுத் தூக்கில் பிடித்து வந்த பால்தான். இங்கே கொஞ்ச தூரத்தில் கோகா டெய்ரி காலனி இருக்கிறது என்று தெரிந்ததும், "கறந்த பாலாவே வாங்கலாமேடா" என்று கிளம்பிவிட்டாள்.

எனக்கு அந்த இடம் புதிதல்ல. நான் மாட்டு மருந்து ரெப். பல வருஷமாக அந்தக் கொட்டில்களுக்கு வைட்டமின் பாட்டில் சுமந்தவன். நகரத்துக்குள் இருந்த மாடுகளுக்கு மாநகராட்சி ஒதுக்கிய இடம் அது. எங்களுக்கு முன்பே ஊரைவிட்டு வெளியே அனுப்பப்பட்டவை மாடுகள்.

அன்று மாலை ஒரு கொட்டிலில், கன்றுக்குட்டி ஒன்று நேராகப் போய்ச் சுவரில் முட்டியது. பின்வாங்கி மறுபடியும் முட்டியது. "பாய்சாப், உன் பாட்டில்ல ரெண்டு மூடி ஊத்தினா சரியாயிடுமா?" என்றார் மாட்டுக்காரர். அம்மா என்னைப் பார்த்தாள். சங்கராபுரம் பக்கம் மாடு வளர்த்த குடும்பத்தில் பிறந்தவள். "மாலைக்கண். மழையில்லாத வருஷம் எங்க வீட்டுக் கன்னுக்கும் வந்துச்சு" என்றாள்.

மாடு கெட்டிக்காரப் பிராணி. பி வைட்டமின்களையும் கே-யையும் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் தயாரித்துக் கொடுக்கின்றன. சி, கல்லீரலிலேயே உருவாகிறது. தோலில் வெயில் பட்டால் டி கிடைக்கும். வெளியிலிருந்து வந்தாக வேண்டியவை முக்கியமாக ஏ-யும் ஈ-யும். இரண்டும் பச்சைத் தீவனத்தில் தாராளமாக உண்டு. காய்ந்து வெளுத்த வைக்கோலில் கிட்டத்தட்ட இல்லை. டெல்லி மாட்டுக்கு முக்கியத் தீவனம் பூசா, அதாவது கோதுமை வைக்கோல். கொட்டிலில் வெயிலும் கணக்காகத்தான் விழும்.

இதை அமெரிக்காவின் விஸ்கான்சினில் நூறு வருஷத்துக்கு முன்பே பார்த்துவிட்டார்கள். 1907-இல் தொடங்கிய சோதனையில் 16 கிடேரிகளை நான்கு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மக்காச்சோளப் பயிர் மட்டும், ஒன்றுக்குக் கோதுமை மட்டும், ஒன்றுக்கு ஓட்ஸ், இன்னொன்றுக்கு மூன்றும் கலந்து கொடுத்தார்கள். ரசாயனக் கணக்குப்படி எல்லாம் ஒரே சத்துதான். சோளம் தின்றவை நல்ல கன்று போட்டன. கோதுமை தின்றவற்றின் கன்றுகள் செத்தோ, குற்றுயிராகவோ பிறந்தன. கணக்கில் வராத ஏதோ ஒன்று தீவனத்தில் இருக்கிறது என்று புரிந்தது. அந்தத் தேடலின் தொடர்ச்சியாக அதே விஸ்கான்சினில் 1913-இல் அகப்பட்டதுதான் வைட்டமின் ஏ.

ஆனால் கொட்டிலில் இந்தக் குறை கண்ணில் படாது. மாடு சில மாதத்துக்குத் தேவையான ஏ-யைக் கல்லீரலில் சேர்த்து வைத்திருக்கும். கிராமத்தில் புல் மேய்ந்து வந்த மாடு, அந்தச் சேமிப்பை எடுத்துச் செலவழித்துக்கொண்டே பால் கொடுக்கும். சேமிப்பு தீரும்போது பாலும் வற்றிவிட்டால் கைமாற்றிவிடுவார்கள். கடன், கன்றின் தலையில் விழுகிறது. கருப்பையில் இருக்கும்போது அதற்கு ஏ மிகக் குறைவாகவே போகும். பிறந்ததும் குடிக்கும் சீம்பால்தான் முதல் கையிருப்பு. தாயிடமே இல்லையென்றால் சீம்பாலில் எப்படி இருக்கும்? அந்தச் சீம்பாலையும் கன்றுக்கு முழுசாக விடுவதில்லை.

மாலைக்கண்ணோடு நின்றால் மருந்தில் திரும்பும். வளரும் கன்றில் எலும்பு தடித்துப் பார்வை நரம்பை நெரித்துவிட்டால் திரும்பாது. இந்தக் கன்று அந்த நிலையில்தான் இருந்தது. பாட்டில் விற்க வந்தவன், "இதுக்கு வேண்டாம்" என்றேன். பக்கத்தில் சினையாக நின்ற மாட்டைக் காட்டி, "செலவு பண்றதா இருந்தா அதுக்குப் பண்ணுங்க. தினம் ஒரு கட்டு பர்சீம் போடுங்க. அது கிடைக்காத மாசத்துக்கு மட்டும் பாட்டில்" என்றேன். "பால் கறக்காத மாட்டுக்கா?" என்று சிரித்தார்.

இதே கேள்விக்குப் பயந்து இத்தனை வருஷம் கறவை மாட்டுக்கே பாட்டிலை விற்றுவந்தவன் நான். பூத் பாலில் கொழுப்பை எடுக்கும்போது ஏ-யும் போய்விடுகிறது என்று, குடிக்கும் நமக்காக அதைத் திரும்பச் சேர்க்கிறார்கள். சினை மாட்டுக்காக யாரும் டோக்கன் போடுவதில்லை.

அம்மா இப்போது பால் வாங்கப் போகும்போது, சந்தையில் கழித்துப் போட்ட முள்ளங்கி இலையையும் காலிஃப்ளவர் தழையையும் பையில் எடுத்துப் போகிறாள். பாதி கண் தெரியாத கன்றுக்கு, மீதி சினை மாட்டுக்கு. மாட்டுக்காரர் தடுப்பதில்லை. போன வாரம் அவரே ஒரு கட்டு பர்சீம் வாங்கிப் போட்டிருந்தாராம்.