நார்த்தாமலையில் ஓர் இரவு தங்க இடம் வேண்டும்

இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் கிராஸ்மியர் என்றொரு சிற்றூர். கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1799 முதல் 1808 வரை குடியிருந்த வீடு அங்கேதான் இருக்கிறது. மான்செஸ்டரில் குடியேறிய பிறகு, விடுமுறை கிடைத்தால் நாங்கள் போவது அந்த ஊருக்குத்தான். மாடி அறைகளை விருந்தினருக்கு விடுகிற வீடுகள் அங்கே நிறைய. காலையில் ரொட்டியும் முட்டையும் பரிமாறும்போதே, "எந்தப் பக்கம் ஏறப்போகிறீர்கள்? மதியத்துக்கு மேல் மழை வரும்" என்று வீட்டுக்கார அம்மா சொல்லிவிடுவார். ஈஸ்டேல் டார்ன் ஏரிக்குப் போகும் பாதை ஆடு மேயும் வயல்களின் ஊடே ஏறுகிறது. வாயிற்கதவைத் திறந்து நுழைந்து, மறக்காமல் சாத்திவிட்டு நடக்கலாம். யாரும் தடுப்பதில்லை.

அந்த உரிமை போராடிப் பெற்றது. 1932 ஏப்ரலில், தொழிலாளி இளைஞர்கள் சில நூறு பேர் தடையை மீறிக் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டில் ஏறினார்கள். அதற்காகச் சிலர் சிறைக்கும் போனார்கள். பிறகு 1949இல் வந்த சட்டம் ஊர்ப்பாதைகளை வரைபடத்தில் பதியச் செய்தது.

கிராஸ்மியரில் நடக்கும்போதெல்லாம் எனக்குப் புதுக்கோட்டைப் பக்கத்து நார்த்தாமலைதான் நினைவுக்கு வரும். கீரனூரில் பிறந்தவனுக்கு அது பங்குனித் திருவிழா ஊர், முத்துமாரியம்மன் ஊர். மேலமலைப் பாறைச்சரிவில் நிதானமாக ஏறினால் விஜயாலய சோழீச்சரம் கோயில் மேற்கு பார்த்து நிற்கும். வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். சோழன் பெயரைத் தாங்கினாலும், எடுப்பித்தவர் முத்தரையர் குலத்து இளங்கோவதியரையர். மழையில் இடிந்ததை மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார் என்று கல்வெட்டே சொல்கிறது. எதிரே இரண்டு குடைவரைகள். ஒன்றின் சுவரில் ஆளுயரத் திருமால் உருவங்கள் பன்னிரண்டு வரிசையாக நிற்கின்றன. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் கொழித்த ஊர் இது.

இவ்வளவு இருந்தும், பொழுது சாய்ந்தால் புதுக்கோட்டைக்கோ திருச்சிக்கோ திரும்பியாக வேண்டும். திருமயம் பக்கம் கடியாபட்டியில் செட்டியார் மாளிகை ஒன்று 'சிதம்பர விலாஸ்' என்ற விடுதியாகியிருக்கிறது. அழகான இடம்தான், ஆனால் எல்லோருக்கும் கட்டுபடியாகாது. நான் கேட்பது ஊர்க்காரர் வீட்டில் ஒரு சுத்தமான அறை, காலையில் இட்லி, வழிகாட்ட அந்த வீட்டுப் பிள்ளை. வருகிறவர் கொடுக்கும் காசு ஊரிலேயே தங்கும். மலையால் பிழைக்கும் குடும்பங்கள் பெருகினால், சுற்றுவட்டாரத்துக் கல்குவாரிகளை எதிர்த்துக் கேட்கவும் ஊருக்குத் தெம்பு வரும். விருந்தினர் காசு ஊரிலேயே தங்குவதைக் கிராஸ்மியரில் கண்ணால் பார்த்தவன் என்பதால் அடித்துச் சொல்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தங்களே, திருச்சி விமான நிலையம் இருப்பதே புதுக்கோட்டைச் சாலையில்தான். மார்கழி, தை மாதங்களில் வந்தால் ஒரு காலைப்பொழுதை நார்த்தாமலைக்கு ஒதுக்குங்கள். வெயிலுக்கு முன்னே ஏறிவிடுங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள். இறங்கியதும் ஊருக்குள்ளேயே சாப்பிடுங்கள். தங்க அறை கிடைக்குமா என்று நாலு பேரிடம் கேட்டும் வையுங்கள்.