சுக்கான் பிடிக்கும் பொறி

திருச்சிராப்பள்ளியில் இருந்துகொண்டு கடலைப்பற்றி எழுதப் புகுவார்க்கு முதற்கண் கிடைப்பது நண்பரின் நகைப்பே. மலைக்கோட்டை உச்சியினின்று எத்திசை நோக்கினும் புலனாவன காவிரியும், கொள்ளிடமும், அவற்றின் நடுவே திருவரங்கத்துக் கோபுரங்களும், தென்னந்தோப்புகளுமேயன்றி, உப்புக்காற்று ஈண்டு வீசுவதில்லை. ஆயினும், இந்நகரின் ஒரு பகுதியாகிய உறையூரைத் தலைநகராகக் கொண்ட சோழர்க்கும் கடற்காற்றுக்கும் இருந்த உறவு தமிழ் பயில்வார் அறிந்ததே. புறநானூற்று 66-ஆம் பாட்டில் வெண்ணிக்குயத்தியார் கரிகாலனை விளிக்குங்கால், காற்றைத் தம் ஏவல்வழி நிறுத்திப் பெருங்கடலில் மரக்கலம் செலுத்தினோரின் வழித்தோன்றல் என்றே விளிக்கின்றார். அப்பாட்டு நடந்த வகுப்பில் யான் ஓர் ஐயம் எழுப்பினேன். "காற்றை ஆண்டவன் அரசன், சரி. இரவு முழுதும் சுக்கானைப் பிடித்து நின்றவன் யார்?" வகுப்பு சிரித்தது. ஆசிரியர் சிரித்திலர். "அதனை எழுதிக் கொண்டு வா" என்றார். எழுதியது இது.

பிடித்து நின்றவனுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் மீகாமன். அவன் பிடித்த கருவிக்கு நாம் இன்று வழங்கும் சுக்கான் என்னும் பெயரோ அரபு மொழியினின்று வந்தது. அதனைத் திசைச்சொல் என்று தள்ளுவார் தள்ளுக; துறைமுகத்தில் வேறு சொல் சொன்னால் எவரும் திரும்பிப் பாரார். நம் வேதாகமத்தை மொழிபெயர்த்தோரும் இச்சொல்லையே கொண்டனர். கடுங்காற்றில் அடிபடும் பெரிய கப்பலும் மிகச் சிறிய சுக்கானால் திருப்பப்படும் என்று யாக்கோபு தம் நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தில் கூறுவதை ஞாயிறு பள்ளியிற் படித்தபோது, திருப்புதல் எளிது என்றே யான் எண்ணியிருந்தேன். திருப்புதல் எளிதே. திரும்பாமல் வைத்திருத்தலன்றோ அரிது!

பரிசலில் ஏறியோர் இதனை உடனே உணர்வர். வட்டமான அக்கலத்திற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. துடுப்பை ஒரு கணம் நிறுத்தினால் ஆறு அதனைத் தன் மனம்போற் சுழற்றும். பாய்ப்படகு அவ்வளவு பேதையன்று. அதற்கு மூக்கும் முதுகெலும்பும் உண்டு. ஆனால் காற்று வலுத்துப் படகு ஒருபுறம் சாயுந்தோறும் அதன் மூக்கு காற்றை நோக்கியே திரும்ப முயலும். பின்னிருந்து வரும் அலையோ முதுகைத் தூக்கி ஒருபக்கம் தள்ளும். ஆகவே மீகாமன் ஒவ்வொரு கணமும் சக்கரத்தைச் சிறிது இப்பக்கம், சிறிது அப்பக்கம் என்று திருத்திக்கொண்டே இருத்தல் வேண்டும். ஒரு மணி நேரத்தில் தோள் நோகும். மூன்று மணி நேரத்தில் கண் மயங்கும். பகலிரவாகப் பல நாள் செல்லும் படகில் இருவரே இருப்பின், ஒருவர் உறங்க ஒருவர் பிடிக்க, உலை வைப்பவர் யார்? பாயை மாற்றுபவர் யார்?

இவ்விடர்ப்பாட்டிற்குப் பலர் பலவாறு தீர்வு கண்டனர். 1895 முதல் 1898 வரை தனியே உலகைச் சுற்றிய ஜோஷுவா ஸ்லோக்கம் என்பார், பாய்களைச் சமன்செய்து சக்கரத்தைக் கட்டிவிட்டால் தாமே நேர்வழி செல்லும் இயல்புடைய படகு ஒன்றைப் பெற்றிருந்தார். அது படகின் நற்குணம். எல்லாப் படகிற்கும் வாய்ப்பதன்று. காற்றுத்தகடு ஒன்றைப் பின்புறம் நிறுத்தி, அது திரும்புந்தோறும் சுக்கானைத் திருத்தும் முறை 1960-ஆம் ஆண்டில் அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியே கடக்கும் போட்டியினால் புகழ் பெற்றது. 1968-69-இல் எங்கும் நில்லாது தனியே உலகைச் சுற்றிய முதல்வராகிய ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டனுக்கு அக்கருவி பாதிவழியிலேயே கெட்டது; எஞ்சிய வழியைப் பாய்களின் சமனாலும் தம் கையாலும் கடந்தார்.

நம் நாட்டவர்க்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. கடற்படையைச் சேர்ந்த அபிலாஷ் டோமி 2012-13-இல் மாதேய் என்னும் படகில் தனியே, நில்லாது உலகைச் சுற்றினார். பின்னர் 2018-இல், 1968-ஆம் ஆண்டிற்குப் பிற்பட்ட கருவிகளை விலக்கி நடத்தும் போட்டி ஒன்றிற் புகுந்து, தென்னிந்தியப் பெருங்கடலிற் பாய்மரம் ஒடிந்து, முதுகெலும்பு நொந்து, பிரெஞ்சு மீன்வளக் கப்பல் ஒன்றினால் மீட்கப்பட்டார். அத்தகையவர் மீண்டும் அதே போட்டியிற் புகுந்து 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இரண்டாமவராகக் கரை சேர்ந்தார் என்பது கதையன்று. அப்போட்டியில் மின்சாரப் பொறி ஆகாது, காற்றுத்தகடே துணை. 2024 அக்டோபர் 2-ஆம் நாள் கோவாவினின்று புறப்பட்டு, 2025 மே 29-ஆம் நாள் மீண்ட தாரிணியில் இருந்தோரோ கேரளத்துத் தில்னாவும் புதுச்சேரி ரூபாவும் ஆக இருவரே. எட்டுத் திங்கள், இரண்டு பேர். மேலே யான் எழுப்பிய வினாவை அவ்வெண்களே எழுப்பும்.

மின்சாரப் பொறிக்கு வருவோம். இதன் அறிவு எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் பெருவியப்பளித்த செய்தி. ருசியாவிற் பிறந்து அமெரிக்கா சென்ற மினார்ஸ்கி என்னும் அறிஞர் 1922-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நல்ல மீகாமன் என்ன செய்கின்றான் என்பதையே அவர் ஆராய்ந்தார். படகு இப்போது எவ்வளவு விலகியிருக்கின்றது என்று மட்டும் அவன் பார்ப்பதில்லை. எவ்வளவு விரைவாக விலகுகின்றது என்றும் பார்க்கின்றான்; நெடுநேரமாக ஒரே பக்கம் விலகி வருகின்றதா என்றும் நினைவில் வைக்கின்றான். நிகழ்வு, எதிர்வு, இறப்பு என மூன்று காலமும் அவன் கையில் உள. தமிழ் இலக்கணம் கற்பவனுக்கு இதைவிட இனிய செய்தி வேறென்ன வேண்டும்? இம்மூன்றையும் கணக்காக்கி நியூ மெக்சிகோ என்னும் போர்க்கப்பலிற் சோதித்தனர். இன்று சிறு படகிலும் ஆலையிலும் வானூர்தியிலும் இயங்குவது பெரும்பாலும் அக்கணக்கே.

இத்தகைய பொறி ஒன்றைப் படகிற் பொருத்துவதை யான் சென்ற பொங்கல் விடுமுறையில் நேரிற் கண்டேன். என் தாய்மாமன் தரங்கம்பாடியினர். சென்னைத் துறைமுகத்தில் பாய்ப்படகுகளைப் பழுதுபார்ப்பவர். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரும் அவர்தம் மனைவியாரும் 34 அடிப் படகு ஒன்று வைத்திருந்தனர். அம்மையாருக்கு மணிக்கட்டில் கீல்வாதம். சக்கரம் பிடித்தலாகாது என்று மருத்துவர் விலக்கிவிட்டார். முதியவர் ஒருவராக இரவு முழுதும் பிடிக்க ஒண்ணாது. பொறி வைத்தல் வேண்டும், அன்றேல் படகை விற்றல் வேண்டும் என்னும் நிலை.

பொறி பார்வைக்கு எளியது. பெரிய வளையம் ஒன்று சக்கரத்தின் ஆரைக்கால்களிற் பிணைக்கப்படுகின்றது. அதன் கூட்டிற்குள் சிறிய மோட்டாரும் பட்டையும் உள. கூடு தானும் சேர்ந்து சுழன்றுவிடாதபடி, சக்கரம் நிற்கும் தூணில் ஒரு முளை அடித்துக் கூட்டை அதிற் கோத்துவிடுவர். வளையம் நடுவச்சினின்று நூலளவு விலகினும் உராயும். ஆதலின் மாமா சக்கரத்தைக் கழற்றிக் கம்பளத்தின்மேற் கிடத்தி, ஒவ்வோர் ஆரைக்காலுக்கும் அளவுகோல் வைத்து அரை நாள் செலவிட்டார். தூணில் துளையிடுமுன் மூன்று முறை அளந்தார். "மாப்பிள்ளை, ஏட்டில் எழுதியதை அடித்து எழுதலாம், தூணில் இட்ட துளையை அடித்து எழுத முடியாது" என்றார். பாட்டரியினின்று வரும் கம்பி மெலிந்திருப்பின் 12 வோல்ட் மின்சாரம் வழியிலேயே இளைத்துவிடும் என்று தடித்த கம்பியே இழுத்தார். ஏறத்தாழ 7 டன்னுக்கு மேற்பட்ட படகிற்கு இவ்வளையம் போதாது. கீழே சுக்கானோடு நேரே பிணைக்கும் வலிய பொறி வேண்டும் என்பதும் அவர் சொல்லக் கேட்டது.

திசையறியும் கருவிக்கு இடந்தேடியதே எனக்கு மிக இனித்த பகுதி. அது படகின் நடுவில், தாழ்வாக, ஆட்டம் குறைந்த இடத்தில் இருத்தல் வேண்டும். அருகில் இரும்பும் காந்தமும் ஆகா. மாமா சிறிய திசைகாட்டி ஒன்றைக் கையிற் கொண்டு அறை முழுதும் பூசாரி வேப்பிலையுடன் நடப்பதுபோல் மெல்ல நடந்தார். ஓரிடத்தில் முள் துடித்தது. பலகைக்கு அப்பால் வானொலியின் ஒலிபெருக்கி. மற்றோரிடத்தில் துடித்தது, இருக்கையின்கீழ் கருவிப்பெட்டி. என் சட்டைப்பையிலிருந்த கைப்பேசியைக் கண்டு, "நீர் வெளியே போய் நில்லும்" என்றார். நின்றேன்.

நான்காம் நாள் துறைமுகத்துக்குள்ளேயே சோதித்தோம். பத்துப் பாகை வலப்புறம் என்று பொத்தானை அழுத்தினால் சக்கரம் வலப்புறமே திரும்புகின்றதா என்பது முதற் சோதனை. மாறித் திரும்பினால் கடலில் அது நேரே பகைவனாகும். பின்னர் மிக மெதுவாக, ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடத்திற்குக் குறையாமல் படகை வட்டமிட்டுச் செலுத்த, படகிலுள்ள இரும்பு எத்திசையில் தன்னை எவ்வளவு ஏமாற்றுகின்றது என்பதைக் கருவி தானே கற்றுக்கொண்டது. அம்மையார் சக்கரத்தினின்று கையை எடுத்தார். சக்கரம் தானே சிறிது அசைந்தது, மீண்டது. அவர் ஒன்றும் பேசவில்லை. தம் மணிக்கட்டை மட்டும் தடவிக்கொண்டார்.

எல்லாம் நன்றாக முடிந்தும் மாமா படகை ஒப்படைக்கவில்லை. இதற்குக் காரணம் ஒன்று உண்டு. என் பாட்டனார் மீன்பிடித் தொழிலர். ஓரிரவு வலை விரித்துக் காத்திருக்கையில், நேரே வந்த கலம் ஒன்று அவர் வலையைக் கிழித்துப் படகின் விளிம்பையும் மோதிச் சென்றது. கூவினார்கள்; விளக்கை ஆட்டினார்கள்; அக்கலம் ஒரு பாகையும் விலகவில்லை. அத்துணை ஒழுங்காக நேரே சென்ற கலத்தின் சக்கரத்தில் மனிதர் கை இருந்திராது என்பது மாமாவின் துணிபு. பாட்டனாரும் உடனிருந்தவரும் மிதப்புக்கட்டையைப் பற்றிக்கொண்டு விடியும்வரை மிதந்தனர். அதன்பின் அவர் கடலுக்குச் செல்லவில்லை. அவர் மகனே இப்பொறியைப் பொருத்துகின்றார், கூலியும் பெறுகின்றார். இதனை அவர் என்னிடம் சொல்லும்போது திருகுளியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

ஆதலின் ஒரு நிபந்தனை விதித்தார். பதினைந்து நிமிடத்திற்கு ஒருமுறை மணி அடிக்கும் கடிகாரம் ஒன்று, ஒரு நோட்டுப்புத்தகம். மணி அடிக்குந்தோறும் ஒருவர் மேலே வந்து நாற்புறமும் பார்த்து, கண்டதை எழுதுதல் வேண்டும். இதற்கு இசைந்தாலன்றிச் சாவி கொடுப்பதற்கில்லை. பொறியாளர் முதலில் சினந்தார். தாம் சிறுபிள்ளை அல்லர் என்றார். அம்மையாரே நோட்டுப்புத்தகத்தை வாங்கிக்கொண்டார்.

ஊர் திரும்பிய பின்னர் இதனை உத்தர வீதியில் வாழும் என் வகுப்பு நண்பரிடம் அம்மா மண்டபத்துப் படித்துறையிலிருந்து உரைத்தேன். அவர் தென்கலை வைணவக் குடியினர், வாதத்தில் வல்லவர். "குரங்கின் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும், பூனையின் குட்டியைத் தாய் கவ்விச் செல்லும். குட்டி ஒன்றும் செய்யவேண்டியதில்லை. வடகலைக்கும் தென்கலைக்கும் உள்ள வேறுபாட்டிற்கு இவ்வுவமையையே சொல்வர். உம்முடைய மாமா பூனையைப் பொருத்திவிட்டுக் குட்டியைக் குரங்குபோல் விழித்திருக்கச் சொல்கின்றாரே, இது எந்த நியாயம்?" என்றார். யான் சிறிது நேரம் ஆற்றைப் பார்த்திருந்தேன். "பூனைக்குக் கண் உண்டு" என்றேன். பொறி அறிவது வடக்கு எங்கே என்பது ஒன்றே. எதிரில் ஆள் உண்டு என்பதை அது அறியாது. நண்பர், "ஆம், அது பெரிய குறைதான்" என்று ஒப்பினார். ஆனால் உவமையை விட்டுக்கொடுக்கவில்லை. இருவரும் நாலணாத் தோசைக்காலத்து வாதிகளைப்போல் விளக்கேற்றும் நேரம்வரை வாதிட்டோம். அவர் சொன்ன மற்றொன்றை மட்டும் மறக்க இயலவில்லை: தன்னை முற்றும் ஒப்படைக்கத் தக்க பொருளை ஆராய்ந்த பிறகே ஒப்படைத்தல் வேண்டும் என்பது.

மாசி மாதத்தில் அவ்விருவரும் சென்னையினின்று புதுச்சேரிக்கு, ஏறத்தாழ 80 கடல் மைல், ஓர் இரவு கடந்து சென்றனர். வடகிழக்குக் காற்று, அலை பின்னிருந்து வருவது. அலை பின்னின்று தள்ளும்போது பொறி சற்றுப் பிந்தியே திருத்தும், படகு பாம்புபோல் நெளியும் என்று மாமா முன்னரே எச்சரித்திருந்தார். சேர்ந்த மறுநாள் அம்மையார் நோட்டுப்புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து மாமாவுக்கு அனுப்ப, மாமா எனக்கு அனுப்பினார். சாய்ந்த, நடுங்கிய எழுத்து. 2.00, ஒன்றுமில்லை. 2.15, இடப்புறம் தொலைவில் ஒரு வெளிச்சம். 2.30, அதே வெளிச்சம், அருகில். 2.45, மிதப்பின்மேல் சிறு விளக்கு, அப்பால் படகு. பொறியை நிறுத்தி இவர் கையால் திருப்பினார். 3.00, பின்னால் போய்விட்டது, மீண்டும் பொறி.

அன்றிரவே தரங்கம்பாடிக்குத் தொலைபேசியில் அழைத்துப் பாட்டனார்க்கு அப்பக்கத்தை வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டார். "எத்தனை மணிக்கு என்றாய்?" என்றார். "இரண்டே முக்கால், தாத்தா" என்றேன். அது வலை இழுக்கும் நேரம் என்றார். நான்கு பேரும் குனிந்திருப்பார்கள், எவரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள் என்றார். பின்னர் அந்த அம்மாளின் கை இப்பொழுது எப்படி இருக்கின்றது என்று விசாரித்தார்.